யார் தொடலாம், யார் அள்ள வேண்டும்: முதியோர் பராமரிப்பின் சாதி வரலாறு

பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் இந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். முதியோர் பராமரிப்புப் பயிற்சி, மூன்று மாதமோ ஆறு மாதமோ, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், வேலை உறுதி, ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போகும் வாய்ப்பு உண்டு. பத்தாம் வகுப்பு போதும் என்கிறது ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும் என்கிறது இன்னொன்று. நாங்கள் களப்பணி செய்யும் ஊர்களில் இந்த நோட்டீஸைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களிடம் விவரம் கேட்க வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் காலனியைச் சேர்ந்தவர்கள். கல்லூரியை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள், பாதியில் விட்டவர்கள், நர்சிங் சேர ஆசைப்பட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் போனவர்கள்.

அவர்களில் கடலூர் மாவட்டத்துத் தம்பி ஒருவருக்கு வயது 21. பி.ஏ. வரலாறு படித்தவர். அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பயிற்சியில் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை. "நான் அள்ளுறது போதாதா? நீ காலேசு படிச்சிட்டுப் போயி கெழவன் பீய அள்ளணுமா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பயிற்சி மையத்தில் பதில் கிடைக்காது. சேவை மனப்பான்மை பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா கேட்டது மனப்பான்மையைப் பற்றி அல்ல. ஒரு வேலை எப்போது தொழிலாகிறது, எப்போது இழிதொழிலாகவே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றி. அதற்கு வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

முதலில், இந்தப் பயிற்சியில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தன் முதுகு முறியாமல் அவரை மாற்றுவது. மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றுவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்து அளவைக் குறிப்பது, பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது, ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது, பல்செட்டைக் கழற்றிக் கழுவுவது, நகம் வெட்டுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது. மறதி நோய் வந்தவர் ஒரே கேள்வியை இருபது முறை கேட்டாலும் இருபத்தோராவது முறை பதில் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. தவறாகப் புரட்டினால் தோல் கிழியும். தவறான கோணத்தில் படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் ஆள் செத்துப்போவார். இதைத் திறனற்ற உழைப்பு என்று சொல்பவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும்.

நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. 'உனக்குப் பீ மூத்திரம் அள்ளி வளர்த்தேன்' என்று தாய் பிள்ளையிடம் சொல்வாள். மாமியாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மருமகளும் அதையேதான் சொல்வாள். அதற்கு மேல் அன்புக்குச் சான்று கிடையாது. அதே வேலையைக் கன்னியாஸ்திரி செய்தால் தொண்டு என்கிறோம். நர்ஸ் செய்தால் சேவை. ஜெர்மனியில் செய்தால் கை நிறையச் சம்பளம். நம் ஊரில் நம் அம்மா செய்தால் மட்டும் அது பிறவி. தோட்டி வேலையைச் செய்கிறானோ இல்லையோ, பிறப்பாலேயே ஒருவன் இங்கே தோட்டியாகிறான் என்பதை அண்ணல் அம்பேத்கர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். மலம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதை அள்ளுபவரின் பெயரும் கூலியும் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

பழைய ஊர் அமைப்பில் உடம்பைச் சார்ந்த வேலைகள் எல்லாம் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன. முடி மழித்தவர், பிரசவம் பார்த்தவர், தீட்டுத் துணி வெளுத்தவர், பிணம் எரித்தவர் என்று பிறப்பிலிருந்து சாவு வரை ஒவ்வொரு கசிவுக்கும் ஒரு சாதி. முதுமை மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கிழவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அந்த வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது. பண்ணையாள் வாசலைத் தாண்ட முடியாது. கொல்லைப்புறத்துச் சந்து வழியாக வந்து எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்துவிட்டு அதே சந்து வழியாகப் போக வேண்டும். உடம்பிலிருந்து வெளியேறியதைத் தொட வேண்டும், உடம்பைத் தொடக் கூடாது. நம் மக்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை இதுதான். முதியோர் பராமரிப்பில் இன்று நம் பிள்ளைகள் மீறிக்கொண்டிருப்பதும் இதே எல்லையைத்தான், பலருக்கு அது தெரியாவிட்டாலும்.

இந்தச் சாதிவாரிப் பங்கீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை. கட்டி அறுத்தல், காயத்துக்குக் கட்டுப்போடல், மூலிகை வைத்தியம் அவர்கள் கையில் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். கத்தியும் ரத்தமும் தீட்டு என்று ஒதுங்கி நின்ற சாதிகள், வெள்ளையர் மருத்துவக் கல்வியைத் தொடங்கியதும் என்ன செய்தன? சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி வந்தது. கல்கத்தாவில் 1836இல் பண்டிதர் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தார். அதைப் பெரிய புரட்சியாக இன்றும் பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. பிணத்தைத் தொட்டவர்கள் இந்த நாட்டில் அதற்கு முன்பு இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பட்டமும் பதவியும் சம்பளமும் வந்தவுடன் தீட்டு வழிவிட்டது. அறுவை சிகிச்சை மேலே போனது, சவரக்கத்தி கீழே தங்கியது. பிரசவம் பார்ப்பதும் அப்படியே. அது படிப்பானபோது மருத்துவச்சி நாட்டு வைத்தியக்காரி ஆனாள், பிறகு ஆபத்தானவள் ஆனாள், பிறகு காணாமலே போனாள்.

எங்கள் வாதம் இதுதான். உடம்பைத் தொடும் வேலை ஒவ்வொரு முறை தொழிலாக மாறும்போதும் அறிவும் பதிவேடும் மேலே போகின்றன, பெட்பேன் கீழே தங்குகிறது. முதியோர் பராமரிப்பு இப்போது அந்த மாற்றத்தின் வாசலில் நிற்கிறது.

ராணுவத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவ மருத்துவமனைகளில் வார்டு ஊழியர், சமையற்காரர், பிஸ்தி என்ற தண்ணீர் சுமப்பவர், தோட்டி என்று வேலைகள் சாதிப் பெயர்களோடு பிரிக்கப்பட்டிருந்தன. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனை 1914இல் மருத்துவமனையாக்கப்பட்டபோது அங்கே ஒன்பது சமையற்கட்டுகள் வைத்தார்கள். தண்ணீர்க் குழாய்கள் மதவாரியாகத் தனித்தனி. மலம் அள்ளத் தீண்டப்படாதோரை இங்கிருந்தே கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். சாதி கடல் தாண்டாது என்று சாஸ்திரம் சொன்னதாகச் சொல்வார்கள். மலக்கூடையோடு போனால் தாண்டும் போலிருக்கிறது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் சுக்கா. பரேலியிலிருந்து போனவர். இங்கிலாந்தின் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். 1915 ஜனவரி 12 அன்று அங்கே இறந்தார். வயது 30. அவர் உடலை என்ன செய்வது என்று பிரச்சினை எழுந்தது. இந்துக்கள் அவரை எரிக்க மறுத்தார்கள், சாதி இடித்தது. முஸ்லிம்கள் புதைக்க மறுத்தார்கள், அவர் முஸ்லிம் இல்லை. கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தன் தேவாலயக் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர் மக்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் இல்லை என்பதையும், பிறருக்காகத் தன் வாழ்வைக் கொடுத்தவர் என்பதையும் அதில் பொறித்திருக்கிறார்கள்.

சுக்காவுக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வார்டுகளில் கை கால் இழந்து கிடந்த சிப்பாய்கள் பிழைத்ததற்கு டாக்டர்கள் மட்டுமா காரணம்? கழிவு அகற்றப்படாத வார்டில் யார் பிழைத்திருப்பார்கள்? பிழைத்தவர்களின் சாதிக்காரர்கள்தான் அவருக்கு எரிமேடையை மறுத்தார்கள். நர்சிங் வரலாற்றுப் புத்தகங்களில் விளக்கேந்திய சீமாட்டி இருக்கிறார். சுக்கா இல்லை.

தொடுவதற்கு நமக்குத் தடை இருந்ததைப் போலவே, நம்மைத் தொடவும் தடை இருந்தது. அண்ணலின் தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1929ஆம் ஆண்டு வெளியான ஒரு கடிதம் இடம்பெறுகிறது. கத்தியவாரில் தீண்டப்படாதோர் பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர் எழுதியது. பிரசவமான சில நாட்களில் அவர் மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரியவர்கள் பேசி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சம்மதிக்கிறார். பச்சைப் பிள்ளையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பவும் அதே வரிசையில் அது டாக்டரிடம் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

தெர்மாமீட்டர் கை மாறிய அந்த வரிசைதான் நம் நாட்டு மருத்துவத்தின் சாதிப் படிநிலை. அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தெர்மாமீட்டரை முதலில் கையில் எடுக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை.

நர்சிங்குக்கு வருவோம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களே அந்த வேலைக்கு வந்தார்கள். அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, எச்சிலையும் மலத்தையும் துடைப்பதா என்று ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. மிஷன் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறியவர்களும் அனாதை விடுதிகளில் வளர்ந்தவர்களும் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பானது. அதே 1946இல் வந்த போர் குழு அறிக்கை, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்றது. மறுஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது.

இந்த ஆண்டுகளுக்கு நடுவே இருக்கும் 1926ஐ நாம் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. அதன்படி ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. பெயர் பதிவானவர் நர்ஸ். பெயர் பதிவாகாதவர் ஆயா, வார்டு பாய், தோட்டி. ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே அரசே கோடு போட்டது. நர்சிங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பெண்கள் போராடித்தான் அந்த மரியாதையைப் பெற்றார்கள். வெளிநாட்டுச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு, ஒரு காலத்தில் முகம் சுளித்த சாதிகளும் வரிசையில் வந்து நின்றன. ஆனால் பதிவேட்டுக்கு வெளியே விடப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் எந்த மருத்துவமனையில் எந்தச் சீருடையில் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சென்னையில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் ஸ்டான்லியின் பழைய கதை 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து தொடங்குகிறது. ஆதரவற்ற முதியோருக்கு அந்தச் சத்திரம் பின்னர் இல்லமானது. சத்திரம் கட்டியவர்கள், நன்கொடை தந்தவர்கள் பெயரெல்லாம் கல்வெட்டில் இருக்கும். அந்தக் கிழவர்களின் கழிவைச் சுமந்தவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டில் தேடுவது?

நம்மிடம் வேறொரு மரபும் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் சேர்ந்து கழுவிப் படுக்கவைத்த நிகழ்ச்சி வினய பிடகத்தின் மகாவக்கத்தில் வருகிறது. மற்ற பிக்குகள் ஏன் அவரைக் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்கிறார். அவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்கிறார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று புத்தர் விதி செய்கிறார். நோயாளியைக் கவனிப்பவருக்குரிய தகுதிகளும் அதே இடத்தில் வருகின்றன. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிய வேண்டும், ஆதாயத்துக்காகச் செய்யாமல் அன்போடு செய்ய வேண்டும், மலம் சிறுநீர் சளி வாந்தி எடுக்க அருவருப்பு கூடாது, நல்ல பேச்சால் மனதைத் தேற்றத் தெரிய வேண்டும். இன்றைய பயிற்சிக் கையேடு எதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முக்கியமானது இதுதான்: அந்த வேலை சங்கத்தில் எல்லோருக்கும் பொது. அரச குலத்திலிருந்து வந்தவருக்கும் நாவிதரான உபாலிக்கும் ஒரே விதி. அந்த வினயத்தையே முதல் சங்கக் கூட்டத்தில் ஒப்புவித்தவர் உபாலி. பௌத்தத்தை நமக்கு மீட்டுத் தந்த பண்டிதர் அயோத்திதாசர் சித்த வைத்தியராகவும் இருந்தது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

அண்ணலின் கடைசி ஆண்டுகளில் அவரோடு இருந்த நானக் சந்த் ரத்துவை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி டெல்லிக்கு வந்த தலித் இளைஞர். பகலில் அரசு வேலை. வேலை முடிந்ததும் அண்ணலின் வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தட்டச்சு செய்தார். 1956 டிசம்பர் 5 இரவு, சர்க்கரை நோயில் தளர்ந்துபோன அண்ணலின் கால்களைப் பிடித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அவர் கேட்ட தாள்களை எடுத்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அண்ணல் இல்லை. கால் பிடித்துவிடுவதை அடிமைத்தனம் என்று நாம் எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. ரத்துவை யாரும் பிறப்பைக் காட்டி அங்கே அனுப்பவில்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம்.

எழுந்து போகும் உரிமையோடு இந்த வேலையைச் செய்ய முடியுமா? சில நாடுகள் முயன்றிருக்கின்றன. மேற்கு ஜெர்மனியில் 1961 முதல், ராணுவத்தில் சேர மறுத்த இளைஞர்கள் அதற்கு ஈடாகச் சமூகப் பணி செய்தார்கள். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பெட்பேன் எடுத்தார்கள். 2011இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தும் வரை அது தொடர்ந்தது. எல்லா வர்க்கத்து ஆண்களும் கிழவர்களைக் கழுவிய நாடு அது. 2020 முதல் அங்கே முதியோர் பராமரிப்பும் மருத்துவமனை நர்சிங்கும் ஒரே மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாக இணைக்கப்பட்டுவிட்டன. பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. முதியோர் பராமரிப்பு கீழ்ப்படி, நர்சிங் மேல்படி என்ற பிரிவைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள்.

ஜப்பானில் 1963இல் முதியோர் நலச் சட்டம் வந்தபோது இல்லங்களில் வேலை செய்தவர்களை ரியோபோ என்று அழைத்தார்கள். விடுதித் தாய் என்று பொருள். தாய் என்று பெயர் வைத்தால் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், உலகெங்கும் அப்படித்தான். 1987இல் பராமரிப்புப் பணியாளருக்குத் தேசியத் தகுதித் தேர்வைச் சட்டமாக்கினார்கள். 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது, நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். ஆண்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். அந்த வேலையின் பெயர் கைகோ. தமிழ்க் காதுக்குக் கைகோத்தல் போலக் கேட்கிறது. 2017இல் இந்தியா ஜப்பானின் தொழிற்பயிற்சித் திட்டத்திலும், 2021இல் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் ஒப்பந்தத்திலும் இணைந்த பிறகுதான் நம் ஊர்ச் சுவருக்கு அந்த நோட்டீஸ் வந்தது. போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். தோல், இறைச்சி, பிணம் தொட்டவர்களைத் தீட்டென்று ஒதுக்கிய வரலாறு அங்கும் உண்டு. புராக்குமின் மக்களின் இழிநிலையை 1871இல் அரசாணை ரத்து செய்தும் ஒதுக்கல் போகவில்லை. 1922இல் கியோட்டோவில் கூடி அவர்கள் தங்கள் விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே போனால் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்புவோம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். மக்கள்தொகையில் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, சென்னை, கோவை அடுக்ககங்களில் கிழவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஏஜென்சிகள் ஆள் அனுப்புகின்றன. நமக்குத் தெரிந்த தம்பிகள் சொல்லும் செய்திகள் ஒரே மாதிரி இருக்கின்றன. எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரில் எந்தத் தெரு என்பார்கள். சைவமா என்பார்கள். பெயரை மாற்றிச் சொல்லச் சொல்லும் ஏஜென்சிகளும் உண்டு. கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டி வாயில் ஊட்டிவிடும் கைக்கு அந்த வீட்டுச் சமையலறைக் குழாயைத் தொட அனுமதி இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர், படுக்க பால்கனி. மனைவி பெயரை மறந்துவிட்ட ஒரு பெரியவர் 'நீ என்ன ஆளுங்க' என்று கேட்பதை மட்டும் மறக்கவில்லை என்று ஒரு தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இது நான்கு சுவருக்குள் நடக்கிறது. அதுதான் சட்டச் சிக்கல். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் பார்வையில் படாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த சாதி இழிவுபடுத்தல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடே வேலையிடமாக இருப்பவர் சாட்சிக்கு எங்கே போவார்? பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. சாதி இழிவுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்க நமக்கு முன்னுதாரணம் இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டயப்பரைப் பற்றியும் பேசியாக வேண்டும். கக்கூஸ் கூடை போய் டயப்பர் வந்திருக்கிறது. அதை யார் தொடுகிறார்கள்? கட்டியவர் அவிழ்க்கிறார், குப்பைக் கூடையில் போகிறது, மறுநாள் காலை தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கிறார். தனியாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன, எத்தனை வீடுகளில் செய்கிறார்கள்? நாம் மேலே சொன்ன கடலூர்த் தம்பி வேலை பார்க்கும் வீட்டில் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தனியாக வைக்கிறார். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டாராம். எங்க அம்மா மாதிரி ஒருத்தங்க பிரிப்பாங்க சார் என்று சொல்லியிருக்கிறார். அதோடு அவர் சாதியும் தெரிந்துபோனது. அந்த மாதமே வேறு ஆள் கேட்டு ஏஜென்சிக்குப் போன் போனது. இப்போது வேறு வீட்டில் இருக்கிறார். அங்கும் பெருக்கல் குறி போடுகிறார்.

அந்த அம்மாவுக்கு வயதானால் யார் பார்ப்பார்கள்? 1962இல் தமிழ்நாடு முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 2023இல் அது 1,200 ரூபாயானது. ஒன்றிய அரசின் திட்டத்தில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கான பங்கு 200 ரூபாய். ஒரு மாத டயப்பருக்குப் போதாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து பார்ப்பதை அரசின் கடமையாக ஏற்றது, நல்ல தொடக்கம். அதன் வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் நம் காலனிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகின்றன என்று நாம்தான் கணக்கு வைக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு பணக்கார வீட்டுச் சந்தையாக மட்டும் வளர்ந்தால் நம் பிள்ளைகள் அவர்கள் கிழவர்களைப் பார்ப்பார்கள், நம் கிழவர்கள் திண்ணையில் கிடப்பார்கள்.

பதிவேட்டுக்கு வருவோம். 2021இல் துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. துணை மருத்துவப் பணியாளராக அங்கீகாரம் பெற இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. சுவர் நோட்டீஸில் வரும் மூன்று மாத, ஆறு மாதப் பயிற்சிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. 1926இல் போட்ட கோடு போலவே இதுவும். பத்தாண்டு அனுபவம் இருந்தாலும் அவர் உதவியாளர். நாளை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் முதியோர் பராமரிப்பில் நான்காண்டுப் பட்டம் தொடங்கும், ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் அதில் சேர்ந்து மேற்பார்வையாளர்களாக வருவார்கள், நம் தம்பிகள் அவர்களுக்குக் கீழே பெட்பேன் எடுப்பார்கள். இது நடக்காமல் இருக்க, பணி அனுபவத்தை மணி நேரக் கணக்கில் சேர்க்கச் சொல்லி, உதவியாளரிலிருந்து நர்ஸ் வரை ஏறப் படி வைக்கச் சொல்லி, இப்போதே கேட்க வேண்டும். பதிவேடு மூடிய பிறகு கேட்டால் பயன் இல்லை.

அதுவரை, சேரப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இருந்தால் முதலில் மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்புக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் முயலுங்கள், ஆண்களுக்கும் இடம் உண்டு, பட்டியல் சாதி மாணவர் கல்வி உதவித்தொகை உண்டு. குறுகிய காலப் பயிற்சிதான் வழி என்றால் மணி நேரம் எவ்வளவு, சான்றிதழை யார் தருகிறார்கள், மருத்துவமனைப் பயிற்சி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழை ஏஜென்சியிடம் கொடுக்காதீர்கள். ஜப்பானுக்கு அனுப்புகிறேன் என்று முன்பணம் கேட்டால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். வீட்டு வேலைக்குப் போனால் வேலை நேரம், படுக்க இடம், சாப்பாடு, வார விடுமுறை நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தனித் தட்டு கிடையாது என்ற வரியையும் அதில் சேர்த்து மாதிரிப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துத் திருத்தப் போகிறோம். பயிற்சியில் இருப்பவர்களும் வேலையில் இருப்பவர்களும் வாருங்கள், உங்கள் ஒப்பந்தத்தின் நகல் இருந்தால் எடுத்து வாருங்கள்.